"வீட்டுக்குச் சொல்லிடுவீங்களா, மேம்?"

பல்கலைக்கழக மனநல மையத்தில் என் எதிரே வந்து உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். டிபார்ட்மென்டுக்குத் தெரியுமா, டியூட்டருக்குத் தகவல் போகுமா, டிசியில் ஏதாவது எழுதுவார்களா, பிளேஸ்மென்ட் பாதிக்குமா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். இதற்கெல்லாம் தெளிவான பதில் கிடைத்த பிறகுதான் தூக்கம் வராத இரவுகளைப் பற்றியோ, காரணமில்லாமல் வரும் அழுகையைப் பற்றியோ வாய் திறப்பார்கள்.

பதிலை நான் சட்டத்திலிருந்தே தொடங்குவேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், மனநலம் குறித்த தகவல்கள் ரகசியமாக வைக்கப்படுவதை ஓர் உரிமையாகவே தருகிறது. 18 வயது முடிந்த மாணவரின் அனுமதி இல்லாமல் பெற்றோருக்கோ ஹெச்ஓடிக்கோ நான் எதுவும் சொல்வதில்லை. எங்கள் குறிப்புகள் மையத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கும், கல்லூரி ஆவணங்களோடு சேராது. அட்டெண்டன்ஸ் குறைவுக்குக் கடிதம் தேவைப்பட்டால், சிகிச்சையில் இருக்கிறார் என்ற அளவில்தான் எழுதுவேன். நோயின் பெயர் இருக்காது. மாணவர் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே கடிதம் வெளியே போகும்.

முதலாம் ஆண்டில் 17 வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சட்டப்படி மைனர். சிகிச்சை முடிவுகளில் பெற்றோருக்கும் இடம் உண்டு என்பதை அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எப்போது ரகசியத்தை மீறுவோம்? உயிருக்கு ஆபத்து என்று தெரியும்போது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நான் நேராகவே கேட்பேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை. கேட்கப்பட்டதில் பலருக்கும் ஆறுதல்தான். எண்ணம் எப்போதாவது வந்துபோகிறது என்றால், ரகசியத்தைக் காத்துக்கொண்டே சிகிச்சையைத் தொடரலாம். திட்டம் வரை போயிருந்தால் அன்று அவரைத் தனியாக அனுப்ப மாட்டேன். அப்போதும் அவருக்குத் தெரியாமல் போனை எடுப்பதில்லை. "இன்னைக்கு வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லலாம்?" என்று கேட்பேன். பலர் அக்காவையோ சித்தப்பாவையோ சொல்வார்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்து, அவர் முன்னாலேயே பேசுவேன். காதல், அரியர், ராகிங் என எதனால் இந்த நிலை வந்திருந்தாலும், உயிரைக் காப்பாற்ற அந்த விவரம் தேவையில்லை என்றால் அது அறைக்குள்ளேயே இருக்கும். அப்புறம் மனநல மருத்துவரிடம் அனுப்புவது, அன்றிரவு கூட யார் இருப்பது என்பதெல்லாம் அடுத்த ஒரு மணி நேரத்து வேலை.

பெற்றோருக்கு இது கோபத்தைத் தரும். "ஃபீஸ் கட்டுறது நாங்க, எங்க பிள்ளைக்கு என்னன்னு எங்களுக்கே சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்பார்கள். லீவு போட்டுவிட்டு, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்களின் பதற்றம் அது. அவர்கள் சொல்வதை நான் முழுதாகக் கேட்பேன். பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அம்மாவுக்குப் போய்விடும் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை என்னிடமும் "சும்மா தலைவலி மேம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். பயம் தெளிந்தவர்களில் பலர் சில வாரங்களில் தாங்களே அப்பா அம்மாவை அழைத்து வந்து என் முன்னால் பேசுகிறார்கள். நான் போன் செய்து சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு நடந்தே இருக்காது.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பல இடங்களில் 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லையென்றால் தேர்வெழுத முடியாது. அந்தக் குறைவு பல சமயம் மனச்சோர்வின் முதல் அடையாளம். காலையில் படுக்கையை விட்டு எழ முடியாதவரைச் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். வகுப்பு நடுவே "நீ போய் கவுன்சிலரைப் பாரு" என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி அனுப்பினால் அந்த வகுப்பிலிருந்து வேறு ஒருவரும் எங்கள் பக்கம் வர மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு, "மூணு வாரமா காலைல வரல, இன்டர்னல் பேப்பரையும் வெறுமையா கொடுத்திருக்க, என்ன ஆச்சுப்பா?" என்று கேளுங்கள். அனுப்பிய பிறகு ரிப்போர்ட் கேட்காதீர்கள்.

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிகவும் தேவையான உத்தரவு. ஆனால் பாடம் எடுக்கும் ஒருவருக்கே ஆலோசகர் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தால், இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருப்பவரிடம் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்? அறையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். முதல்வர் அலுவலக வராண்டாவைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றால் பலர் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள்.

மாணவர்களே, ஆலோசகரிடம் போகும்போது உங்கள் கேள்விகளை முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள். குறிப்புகள் எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், எந்த நிலையில் வீட்டுக்குச் சொல்வீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒப்புதல் படிவம் இருந்தால் வாங்கிப் படியுங்கள். நேரான பதில் வரவில்லையென்றால் வேறு ஒருவரைப் பாருங்கள். கல்லூரியில் யாரிடமும் பேச முடியாது என்று தோன்றினால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.