எம்.எல்.எஸ். லீக்கைக் கணினிக்குப் புரியவைப்பது எப்படி?

ஃபுட்பால் மேனேஜர் போன்ற கணினி விளையாட்டில் நாம் பந்தை உதைப்பதில்லை. ஓர் அணியின் மேலாளராக உட்கார்ந்து ஆட்களை வாங்குகிறோம், விற்கிறோம், யார் எந்த இடத்தில் ஆடுவது என்று முடிவு செய்கிறோம். ஆட்டத்தைக் கணினி ஆடிக் காட்டுகிறது. நம் அணியைத் தவிர மற்ற நூற்றுக்கணக்கான அணிகளுக்கும் கணினியேதான் மேலாளர். இந்த உலகத்துக்குள் புதிதாக ஒரு நாட்டின் லீக்கைச் சேர்ப்பது பெரும்பாலும் படிவம் நிரப்புகிற வேலைதான். எத்தனை அணிகள், வெற்றிக்கு எத்தனை புள்ளி, மேல் பிரிவுக்கு ஏறுவது யார், கீழே இறங்குவது யார், சீசன் எந்தத் தேதியில் தொடங்கும் என்பதற்கெல்லாம் எடிட்டர் மென்பொருளில் கட்டங்கள் இருக்கின்றன. பொறுமையும் ஆர்வமும் உள்ள ரசிகர் ஒருவர் வீட்டிலிருந்தே ஒரு லீக்கைக் கட்டி முடித்துவிடலாம்.

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர், சுருக்கமாக எம்.எல்.எஸ்., அந்தப் படிவத்துக்குள் அடங்க மறுக்கிறது. இந்த வகை விளையாட்டின் பூர்வீகம் இங்கிலாந்து. பால், ஆலிவர் கோலியர் என்ற சகோதரர்கள் உருவாக்கிய சாம்பியன்ஷிப் மேனேஜர் 1992-ல் வெளிவந்தபோது அதில் இருந்தவை இங்கிலாந்து லீக்குகள் மட்டுமே. மற்ற நாடுகள் பின்னால் வந்து சேர்ந்தன. ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிற சீசன், எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை மோதுவது, கடைசி இடத்தில் இருப்பவர்கள் கீழ்ப் பிரிவுக்குப் போவது, வீரரின் ஒப்பந்தம் கிளப்போடு இருப்பது என எல்லாமே ஐரோப்பாவின் வழக்கங்கள். கால்பந்தின் சட்டப் புத்தகத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஐரோப்பிய லீக்குகளை மட்டும் மனதில் வைத்து எழுதும் நிரலில் இவை யாரும் கேள்வி கேட்காமலே அடித்தளத்தில் போய் உட்கார்ந்துவிடும். எம்.எல்.எஸ். உள்ளே வரும்போது ஒவ்வொன்றையும் தோண்டியெடுத்து, மாற்றக்கூடிய விதியாக எழுத வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டுகளின் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் போட்டி அட்டவணை. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 20 அணிகள்; 19 எதிரணிகளோடு இரண்டு முறை, ஆக 38 ஆட்டங்கள். எம்.எல்.எஸ்-இல் 2025-ல் சான் டியாகோ சேர்ந்த பிறகு 30 அணிகள். அவற்றில் 27 அமெரிக்காவிலும் 3 கனடாவிலும் இருக்கின்றன. எல்லாம் கிழக்கு, மேற்கு என்று 15 அணிகள் கொண்ட இரண்டு கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்திருக்கின்றன. ஓர் அணிக்கு மொத்தம் 34 ஆட்டங்கள். தன் கான்ஃபரன்ஸில் உள்ள 14 அணிகளோடு இரண்டு முறை மோதினால் 28 ஆகிவிடும். மீதி 6 ஆட்டங்கள் அந்தப் பக்கத்து 15 அணிகளில் ஏதோ 6 அணிகளோடு.

15 ஒற்றைப்படை எண் என்பதால் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. கிழக்கு அணிகள் தங்களுக்குள் மட்டும் ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் 7 ஆட்டங்கள் நடக்கும், ஓர் அணி சும்மா இருக்கும். மேற்கிலும் அப்படியே. அந்தச் சும்மா இருக்கும் அணியை வைத்தே முழு அட்டவணையையும் அழகாக முடித்துவிடலாம். கிழக்கு அணிகளுக்கு 1 முதல் 15 வரை எண் கொடுங்கள். முதல் சுற்றில் 1-ஆம் அணிக்கு ஓய்வு; மற்றவை 2–15, 3–14, 4–13, 5–12, 6–11, 7–10, 8–9 என்று மோதட்டும். இரண்டாம் சுற்றில் 2-ஆம் அணிக்கு ஓய்வு. 1–3, 15–4, 14–5, 13–6, 12–7, 11–8, 10–9. ஓய்வெடுக்கும் எண்ணை நடுவில் வைத்து, அதற்கு இருபுறமும் சம தூரத்தில் இருப்பவர்களை மோதவிடுவதுதான் விதி. 15-க்கு அடுத்து மறுபடி 1 வருவதாக வட்டமாக எண்ண வேண்டும். இப்படி 15 சுற்றுகள் போனால் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோதிவிடுவார்கள். ஒவ்வோர் அணிக்கும் சரியாக ஒரு சுற்று ஓய்வு கிடைத்திருக்கும்.

இப்போது மேற்கிலும் அதே அட்டவணையை ஓடவிடுங்கள். முதல் சுற்றில் கிழக்கின் 1-ஆம் அணியும் மேற்கின் 1-ஆம் அணியும் சும்மா இருக்கின்றன. அவை இரண்டும் மோதட்டும். இரண்டாம் சுற்றில் இரண்டும் இரண்டும். இரண்டாவது 15 சுற்றுகளில் மேற்கின் எண்களை ஒன்று நகர்த்திவிட்டால் வேறு ஜோடிகள் கிடைக்கும். ஆக 30 சுற்றுகளில் ஒவ்வோர் அணியும் சொந்தக் கான்ஃபரன்ஸில் 28 ஆட்டங்களையும் எதிர்க் கான்ஃபரன்ஸோடு 2 ஆட்டங்களையும் முடித்திருக்கும். இன்னும் 4 சுற்றுகளை முழுக்கக் கிழக்கும் மேற்கும் மோதுவதற்கே ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் எண்ணை மேலும் ஒன்று நகர்த்தினால் 34 சுற்றுகள், 510 ஆட்டங்கள். ஒரு சுற்றில்கூட யாரும் சும்மா இருக்கவில்லை. தாளில் எழுதிப் பார்த்தால் இதன் அழகு இன்னும் நன்றாகப் புரியும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு நிலப்படம் தெரியாது. வான்கூவரிலிருந்து மயாமிக்கு நேர்கோட்டிலேயே சுமார் 4,500 கிலோமீட்டர். அந்தப் பயணத்துக்கு மூன்றே நாளில் அடுத்த ஆட்டம் என்றால் வீரர்கள் களைத்துப்போவார்கள். சியாட்டில், அட்லான்டா, சார்லட் போன்ற அணிகள் என்.எஃப்.எல். எனும் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் அணிகளோடு மைதானத்தைப் பகிர்கின்றன. நியூயார்க் சிட்டி பல ஆட்டங்களை பேஸ்பால் மைதானமான யாங்கி ஸ்டேடியத்தில் ஆடி வந்திருக்கிறது. மற்றவர் ஆட்டம் இருக்கும் நாளில் இவர்களுக்கு மைதானம் கிடைக்காது. அதனால் முதலில் ஒரு சரியான அட்டவணையைப் போட்டு, அதன் குறைகளுக்கெல்லாம் தண்டனைப் புள்ளி கொடுத்து, ஆட்டங்களை இடம் மாற்றி மாற்றிப் புள்ளியைக் குறைத்துக்கொண்டே போவதுதான் இத்தகைய வேலைகளில் வழக்கமான வழி.

புள்ளிப் பட்டியலிலும் வித்தியாசம் உண்டு. இரண்டு அணிகள் சம புள்ளியில் இருந்தால் எம்.எல்.எஸ். முதலில் பார்ப்பது யாருக்கு அதிக வெற்றி என்பதை. கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். 1996 முதல் 1999 வரையிலான பழைய சீசன்களைக் கட்ட நினைப்பவர்களுக்கு வேலை இன்னும் கூடுதல். அந்தக் காலத்தில் எம்.எல்.எஸ்-இல் டிராவே கிடையாது. ஆட்டம் சமனில் முடிந்தால் வீரர் 35 கெஜத்திலிருந்து பந்தோடு ஓடிவந்து 5 விநாடிக்குள் கோல்கீப்பரை வெல்ல வேண்டும். அதில் ஜெயித்த அணிக்கு ஒரு புள்ளி. வெற்றி, டிரா, தோல்வி என்ற மூன்று முடிவுகளை மட்டும் வைத்திருக்கும் நிரலில் இதற்கு இடமே இருக்காது.

அடுத்தது பிளேஆஃப், அதாவது லீக் ஆட்டங்கள் முடிந்தபின் சாம்பியனைத் தீர்மானிக்கும் வெளியேற்றச் சுற்றுகள். ஒரு கான்ஃபரன்ஸுக்கு 9 அணிகள் தகுதி பெறுகின்றன. 8-ஆம் இடமும் 9-ஆம் இடமும் ஒரே ஆட்டத்தில் மோதி ஒன்று வெளியேறும். 2023-லிருந்து முதல் சுற்று மூன்று ஆட்டத் தொடராக நடக்கிறது. இரண்டில் ஜெயித்தால் போதும். 90 நிமிடத்தில் சமன் என்றால் கூடுதல் நேரம் இல்லாமல் நேரே பெனால்டி. அதற்கு அடுத்த சுற்றுகளில் ஒரே ஆட்டம்தான், ஆனால் அங்கே கூடுதல் நேரம் உண்டு. ஒரே போட்டிக்குள் சமனை முடிக்க இரண்டு விதிகள். போதாததற்கு, முதல் சுற்றின் மூன்றாவது ஆட்டம் நடக்கவும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அந்தத் தேதியை நாட்காட்டியில் ஒதுக்கிவைத்து, தேவைப்படாவிட்டால் சுவடில்லாமல் அழிக்க நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2024-ல் இன்டர் மயாமி 74 புள்ளிகளோடு லீக் வரலாற்றிலேயே இல்லாத சாதனை படைத்தது. பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே, கிழக்கில் 9-ஆவதாக வந்த அட்லான்டாவிடம் தோற்று வெளியேறியது. விளையாட்டுக்குள் இது நடந்தால் கிளப் நிர்வாகம் மேலாளரைப் பாராட்ட வேண்டுமா, வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா? ஐரோப்பிய லீக்கில் பட்டியலில் எந்த இடம் என்ற ஓர் எண்ணைப் பார்த்தே இதை ஓரளவு முடிவு செய்யலாம். இங்கே பட்டியலில் முதலிடத்துக்கு சப்போர்ட்டர்ஸ் ஷீல்ட் என்று ஒரு கோப்பை, பிளேஆஃபை வென்றவருக்கு எம்.எல்.எஸ். கோப்பை. இரண்டுக்கும் என்ன எடை என்பதை யாராவது யோசித்து எழுதியாக வேண்டும்.

படிவம் நிரப்பும் வேலை முற்றிலும் நின்று, நிரல் எழுதும் வேலை தொடங்குகிற இடம் சம்பளக் கணக்கு. எம்.எல்.எஸ்-இல் வீரர் ஒப்பந்தம் போடுவது லீக்கோடு, கிளப்போடு அல்ல. லீக் ஒரே நிறுவனம், அணிகளின் உரிமையாளர்கள் அதன் பங்குதாரர்கள். இது சட்டப்படி சரியா என்று 1997-ல் வீரர்கள் நீதிமன்றம் போய், 2002-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 2025-ல் ஓர் அணிக்கு லீக் அனுமதித்த சம்பள பட்ஜெட் 59,50,000 டாலர். மெஸ்ஸிக்கு உத்தரவாதமான ஆண்டு ஊதியமோ, வீரர்கள் சங்கம் வெளியிட்ட பட்டியலின்படி, 2 கோடி டாலருக்கு மேல்.

இது எப்படிச் சாத்தியம்? 2007-ல் டேவிட் பெக்காமை லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்குக் கொண்டுவருவதற்காக உருவான டெசிக்னேட்டட் பிளேயர் விதிதான் காரணம். இந்த விதியில் வரும் வீரருக்கு உரிமையாளர் எத்தனை கோடி வேண்டுமானாலும் கொடுக்கலாம்; 2025-ல் பட்ஜெட்டில் கணக்கானது 7,43,750 டாலர் மட்டுமே. ஓர் அணிக்கு இப்படி மூன்று பேர் வரை. ஆக, ஐரோப்பிய வீரருக்குத் தரவுத்தளத்தில் ஒரு சம்பள எண் போதும் என்றால், எம்.எல்.எஸ். வீரருக்கு இரண்டு எண்கள் வேண்டும்: கையில் வாங்குவது ஒன்று, கணக்கில் ஏறுவது இன்னொன்று.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 7,43,750-ஐ எட்டால் பெருக்கினால் 59,50,000. அதாவது ஆளுக்கு அந்தத் தொகை என்று எட்டுப் பேரை எடுத்தாலே பட்ஜெட் காலி. பட்ஜெட்டில் கணக்காகும் பட்டியலிலோ 20 பேர் வரை இருக்கலாம். மூன்று நட்சத்திரங்களை எடுத்தபின் கையில் இருப்பது 37,18,750 டாலர். அதை மீதி 17 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 2,18,750.

கணினி மேலாளர் தடுமாறுவது இங்கேதான். கணினியியலில் நாப்சாக் என்று ஒரு புகழ்பெற்ற புதிர் உண்டு: குறிப்பிட்ட எடையை மட்டும் தாங்கும் பைக்குள் மதிப்பு மிக அதிகமாக வரும்படி பொருள்களை அடுக்க வேண்டும். கையில் கிடைக்கும் மிக விலையுயர்ந்த பொருளை முதலில் போடுவது பெரும்பாலும் தவறான வழி. ஃபுட்பால் மேனேஜர் வீரர்களின் திறனை 200-க்குள் ஓர் எண்ணாக உள்ளே வைத்திருக்கிறது. அந்த எண் மிக அதிகமாக உள்ளவரையே பிடிக்கும் கணினி மேலாளர் மூன்று அருமையான முன்கள வீரர்களோடும், நடக்கவே திணறும் பின்களத்தோடும் சீசனைத் தொடங்குவார். ஒரு டாலருக்கு எவ்வளவு திறன் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும், அதே சமயம் ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் இருக்க வேண்டும், அதே சமயம் வெளிநாட்டு வீரர் இடங்களையும் மீறக்கூடாது.

அந்த வெளிநாட்டு இடங்களுக்கே தனிக் கணக்கு. அடிப்படையில் அணிக்கு எட்டு, ஆனால் அவற்றை அணிகளுக்குள் கைமாற்றலாம். அமெரிக்க அணியில் ஆடும் வீரருக்கு கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் அவர் உள்நாட்டவராகிவிடுவார், ஓர் இடம் விடுபடும். அப்படியானால் ஓர் இடத்தின் விலை என்ன? ஐந்து வெளிநாட்டவரை மட்டும் வைத்திருக்கும் அணிக்கு மீதி மூன்று இடங்களால் நேரடிப் பயன் இல்லை, விற்பதுதான் லாபம். எட்டும் நிரம்பி, அருமையான ஒன்பதாவது ஆள் கையெழுத்துக்குத் தயாராக நிற்கும் அணிக்கு அதே இடம் பொன். இதைக் கணினி மேலாளருக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் மனிதர் ஒருவர் வந்து எல்லா அணிகளின் இடங்களையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்துவிடுவார். இதோடு, சம்பளக் கணக்கைக் குறைப்பதற்காக லீக் கொடுக்கும் அலொகேஷன் மணி என்ற தனி நிதியும் அணிகளுக்கிடையே கைமாறும். 2025 முதல் லீக்குக்குள்ளேயே ரொக்கத்துக்கு வீரரை வாங்கவும் அனுமதி வந்திருக்கிறது. பேரம் பேசும் திரையில் இவை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் ஆபத்து இல்லாததால் கடைசி இடத்து அணியின் மனநிலையும் மாறுகிறது. ஐரோப்பாவில் அந்த அணி ஏப்ரலில் பதறும். இங்கே மூத்த வீரர்களை விற்றுவிட்டு அடுத்த ஆண்டுக்குத் தயாராகலாம். கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சூப்பர்டிராஃப்டும் பலவீனமான அணிகளுக்கு முன்னுரிமை தருகிறது. டிராஃப்டுக்காக ஒவ்வோர் ஆண்டும் 21, 22 வயதில், தொழில்முறை ஆட்ட வரலாறே இல்லாத ஆட்களைக் கணினி கற்பனையாகப் பிறப்பிக்க வேண்டும். 15, 16 வயதுச் சிறுவர்களை அகாடமிக்கு அனுப்பியே பழகிய நிரலுக்கு இது புது வேலை.

கடைசியாக நாட்காட்டி. இந்த விளையாட்டில் உலகம் முழுவதும் ஒரே கடிகாரத்தில் ஓடுகிறது. லண்டனில் சீசன் பாதியில் இருக்கும் ஜனவரியில் டொரண்டோ வீரர்கள் அப்போதுதான் பயிற்சிக்குத் திரும்புகிறார்கள். ஐரோப்பிய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடியும், எம்.எல்.எஸ். ஒப்பந்தங்கள் டிசம்பர் 31-ல். இதைச் சமாளிக்க ஒவ்வொரு லீக்குக்கும் தனித் தொடக்க நாள், தனி டிரான்ஸ்ஃபர் காலம், தனிப் புள்ளிவிவர ஆண்டு என்று பிரித்துவைப்பார்கள். அதுவும் இனி நிலையாக இருக்கப்போவதில்லை. 2027 ஜூலையிலிருந்து ஐரோப்பாவைப் போலக் கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடிகிற சீசனுக்கு மாறுவதாக எம்.எல்.எஸ். 2025 நவம்பரில் அறிவித்தது. நடுவில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீண்ட குளிர்கால இடைவெளி. இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப 2027 பிப்ரவரி முதல் மே வரை ஒரு குட்டி சீசன் நடக்கும். எனவே 2026-ல் விளையாட்டைத் தொடங்கும் ஒருவருக்காகக் கணினி அடுத்தடுத்து மூன்று விதமான சீசன்களை வைத்திருக்க வேண்டும். டிசம்பர் 31-ல் முடிவதாகத் தரவுத்தளத்தில் கிடக்கும் ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தமும் மாற்றத்துக்குப் பின் சீசனின் நட்ட நடுவில் வந்து விழும். அவற்றில் எவற்றை நீட்டிப்பது, எவற்றை அப்படியே முடியவிடுவது என்பதற்கும் ஒரு விதி எழுதியாக வேண்டும்.