கீழ நின்னுகிட்டு ராம்ப்ல வண்டிய ஏத்தும்போது எஞ்சின் ஓடக்கூடாதுங்க, ப்ளீஸ்

நேத்து ராத்திரி ஒரு அம்மா வந்தாங்க, வலது மணிக்கட்டு கோணிப்போய் வீங்கியிருக்கு, கூட வந்த பையன் "ஆக்ஸிடென்ட் எல்லாம் இல்ல டாக்டர், வீட்டு வாசல்லதான்"னு சொல்றான். எலும்பு டாக்டரா இந்த "வாசல்லதான்"ங்கிற வார்த்தைய கேட்டுக்கேட்டு எனக்கு ஆத்தாமையா இருக்கு. இந்த மாசம் இது மூணாவது. மூணும் ஸ்கூட்டர், மூணும் ராம்ப்.

கேட்ட திறக்க இறங்குறாங்க, எஞ்சின ஆஃப் பண்றதில்ல. வண்டி நூறு கிலோவுக்கு மேல, தள்ளி ஏத்த முடியல, அதனால இடது பக்கம் நின்னுகிட்டு வலது கைய குறுக்கால நீட்டி ஆக்ஸிலேட்டர லேசா முறுக்கி ஏத்துறாங்க. முன் சக்கரம் ராம்ப் விளிம்புல முட்டி நிக்கும், இன்னும் கொஞ்சம் முறுக்குவாங்க, அவ்ளோதான், வண்டி பாயும்.

இத சொன்னா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க, "பாஞ்சா கைய விட்டுருவேன் டாக்டர்". விடமாட்டீங்க. தயவுசெஞ்சு இத நம்புங்க, யாருமே விடுறதில்ல. கீழ விழப்போறோம்னு தோணின உடனே கை கிடைச்சத இறுக்கித்தான் பிடிக்கும், யோசிச்சு பண்றது இல்ல அது. வண்டி முன்னாடி போகுது, உடம்பு பின்னாடி தங்குது, பிடிச்ச கை பின்னாடி இழுபடுது, ஆக்ஸிலேட்டரும் பின்னாடி முறுக்கினாத்தானே கூடும், அப்போ நீங்க நிறுத்தணும்னு இழுக்க இழுக்க வண்டி இன்னும் வேகமா போகும். இருபது வருஷமா வண்டி ஓட்டுறவங்களும் இதுல வந்திருக்காங்க, நேத்து வந்த அம்மாவும் அப்படித்தான்.

கியர் இல்லாத வண்டின்னா சும்மா நிக்கும்போது நியூட்ரல்லதான் இருக்குன்னு வேற ஒரு நினைப்பு. எஞ்சின் ஓடுற வரைக்கும் ஸ்கூட்டர் கியர்ல நிக்குற வண்டிதான்னு வச்சுக்கோங்க. அதான் ஸ்டார்ட்ல விட்டுட்டு, முன்னாடி குழந்தைய நிக்க வச்சுட்டு கேட்ட பூட்டப் போறத பாத்தா எனக்கு பதறுது. குழந்தை எத பிடிச்சுகிட்டு நிக்கும்? ஹேண்டில் பாரத்தான். சாவிய எடுங்க, குழந்தைய இறக்குங்க, அப்புறம் கேட்டுக்கு போங்க.

ராம்ப்ல ஏத்தணும்னா ரெண்டே வழி. உக்காந்து, ரெண்டு பிரேக்லயும் விரல் வச்சு, நேரா ஓட்டி ஏத்துங்க. பயமா இருந்தா எஞ்சின ஆஃப் பண்ணிட்டு பின்னாடி ஒரு ஆள தள்ளச்சொல்லுங்க. பாதி ஏறி நின்னுட்டா கால ஊனி தாங்காதீங்க, பிரேக்க பிடிங்க, முட்டி எலும்பு உடைஞ்சா கைய விட ரொம்ப கஷ்டம்.

பைக் வச்சிருக்க தம்பிங்களுக்கும் இதே கதைதான், நியூட்ரல்னு காட்டுற பச்சை லைட்ட மட்டும் நம்பி கிளட்ச் பிடிக்காம செல்ஃப் அமுக்காதீங்க. முழுசா கிளட்ச், முன் பிரேக், அப்புறம் ஸ்டார்ட். சைடு ஸ்டாண்ட எடுத்தாச்சான்னு கண்ணால பாருங்க.

மீறி விழுந்துட்டா முதல் வேலையா வளையல், மோதிரத்த கழட்டிடுங்க, வீங்கினப்புறம் வந்தா நாங்க வெட்டித்தான் எடுக்கணும், நேத்து அந்தம்மாவோட கல்யாண மோதிரத்த வெட்டும்போது அவங்க வலிக்கு அழல, அதுக்குத்தான் அழுதாங்க. அட்டை ஏதாவது வச்சு கைய அசையாம கட்டி கூட்டிட்டு வாங்க. எக்ஸ்ரே எடுக்காம எண்ணெய் போட்டு நீவாதீங்க.

புதுசா வீடு கட்டுறவங்க கொத்தனார்கிட்ட சொல்லி ராம்ப கொஞ்சம் நீளமா, சாய்வு கம்மியா போடச்சொல்லுங்க. அந்தம்மா வீட்டு வாசல் போட்டோவ பையன் காட்டினான், ஏணி மாதிரி நிக்குது.