மனச்சோர்வு மாத்திரைக்குப் பின் வரும் அளவு மீறிய உற்சாகம்

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியவரின் மனம் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் மெல்லத்தான் தெளியும். அப்படியல்லாமல், மாதக்கணக்கில் பேச்சற்றுக் கிடந்தவர் திடீரென இரவில் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கி, களைப்பின்றி எழுந்து, ஓயாமல் பேசிப் புதுப்புதுத் திட்டங்கள் போடத் தொடங்கினால், அதை மருந்தின் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இது பெரும்பாலும் பணத்தில்தான் வெளிப்படுகிறது: கடன் வாங்கி மாந்தோப்புக் குத்தகைக்கு முன்பணம் கொடுப்பார், ஏனென்று கேட்ட மனைவி மீது எரிந்து விழுவார். வீட்டாரோ, "இப்பத்தான் பழைய ஆளா ஆயிருக்காரு டாக்டர்" என்பார்கள்.

இது மேனியா எனப்படும் மிகையெழுச்சி நிலை. சோர்வும் மிகையெழுச்சியும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய் பலருக்கு மனச்சோர்வாகவே முதலில் தலைகாட்டுவதால், சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுக்கும்போது மறைந்திருந்த மறுமுனை வெளிப்படலாம். இமிப்ரமின் போன்ற பழைய வகை மருந்துகளிலும் வென்லாஃபாக்ஸினிலும் இந்த வாய்ப்பு கூடுதல். மருந்தின் தாக்கம் நீங்கிய பிறகும் இந்நிலை முழு அளவில் நீடித்தால் அதை இருதுருவ நோயாகவே கொள்ள வேண்டும் என்று 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலும் சொல்கிறது. இளம் வயதிலேயே சோர்வு தொடங்கியவர்கள், பிரசவத்தை ஒட்டிச் சோர்வுற்றவர்கள், இரத்த உறவில் இருதுருவ நோய் உள்ளவர்கள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் தேவை. தூக்கமில்லாமலே தெம்பாகத் திரிந்த நாள்கள் முன்பு உண்டா என்று நோயாளியைக் கேட்டால், அதை அவர் நோயாகவே கருதாததால், இல்லை என்றுதான் சொல்வார். ஆகவே உடன் வந்தவரிடம் கேட்பதே என் வழக்கம்.

ஆனால் அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பெங்களூரு கட்டட வேலைக்குப் போனவர்களுக்கு உடனிருந்து பார்க்க ஆளில்லை. மருத்துவரிடம் திரும்ப வராமல், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையிலேயே மாத்திரை வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. இவர்கள் நள்ளிரவில் திரும்பத் திரும்ப அழைத்து வேகவேகமாகப் பேசினால் ஊரிலுள்ளவர்கள் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது.

இத்தகைய மாற்றம் தெரிந்தால், மந்திரிக்க அழைத்துப் போய் நாளைக் கடத்தாமல், மருந்து எழுதிய மருத்துவரை அன்றே அணுகுங்கள். அவர் அந்த மாத்திரையைக் குறைத்தோ நிறுத்தியோ, தேவைக்கேற்ப லித்தியம் போன்ற மனநிலைச் சீராக்கியைத் தொடங்குவார். ஃப்ளுவாக்ஸிடின் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் உடலில் தங்கும் என்பதால் உடனடி அமைதியை எதிர்பார்க்க முடியாது. மருத்துவரை எட்ட முடியாத நேரத்தில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். வரும்போது எல்லா மருந்துச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். தலைவலிக்கென்று வேறொரு மருத்துவர் எழுதிய அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வு மாத்திரைக் குடும்பத்து மருந்துதான்.