மாடு தண்ணீர்த் தொட்டியை விட்டு விலகுகிறதா? கொட்டகை ஒயரைப் பாருங்கள்

தொட்டியில் வாயை வைத்த மாடு சட்டென்று தலையை இழுத்துக்கொள்ளும். கறக்க உட்கார்ந்தால் உதைக்கும், பாலை அடக்கும். டெல்டா பக்கம் இதற்குக் கண்ணேறு கழிப்பார்கள். கழிக்கட்டும். கூடவே கொட்டகைக்குப் போகும் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒருமுறை தண்ணீர் காட்டிப் பாருங்கள். நிம்மதியாகக் குடித்தால் கசிவைத் தேட வேண்டியதுதான். செருப்புக் காலோடு நிற்கும் நமக்குத் தெரியாத கசிவு, ஈரத் தரையில் நிற்கும் மாட்டுக்கு உறைக்கும்.

கொல்லைக் கொட்டகை ஒயரிங் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அடுப்படி பிளக்கிலிருந்து இரட்டை ஒயர், தென்னை மரத்தில் ஆணி, நடுவில் துணிக்கொடிக் கம்பியைத் தொட்டபடி கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். ஐப்பசி மழையில் அந்த டேப் பிரிந்து, ஈரம் வழியாகக் கொடி முழுவதும் மின்சாரம் ஏறும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒயர் கிடையவே கிடையாது.

மேலே இழுக்காமல் மண்ணுக்குள் கொண்டுபோங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எத்தனை தென்னையைச் சாய்த்தது என்பது வேதாரண்யம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே மூன்று கம்பி ஓடும் மூன்று கோர் ஆர்மர்டு கேபிள் வாங்குங்கள். எலியின் பல்லுக்கு அந்த இரும்புக் கவசம்தான் தடுப்பு. இரண்டரை அடிப் பள்ளம், அடியில் மூன்று அங்குலம் மணல், கேபிள், மறுபடி மணல், மேலே செங்கல். டிராக்டர் கடக்கும் இடத்தில் குழாய்க்குள் விடுங்கள். இடையில் ஜாயின்ட் கூடாது.

தடிமனில் கஞ்சம் பிடித்தால் மோட்டார்தான் பலி. 2 ஹெச்.பி. தீவனம் வெட்டும் மெஷின் ஓடும்போது சுமார் 12 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் ஐந்து மடங்கு. 40 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) செம்பு ஒயர் போட்டால், கிளம்பும் நேரத்தில் ஏறக்குறைய 70 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் உறுமும், சுற்றாது, காயில் கருகும். 4 ஸ்கொயர் செம்பில் அந்த இழப்பு 26 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அலுமினியம் என்றால் 6 ஸ்கொயருக்குக் குறையாமல் வாங்குங்கள்.

“எம்.சி.பி. இருக்குல்ல, ட்ரிப் ஆயிடும்” என்பதுதான் ஆபத்தான நம்பிக்கை. எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழுந்து லைனை அறுக்கும் ஸ்விட்ச். மின்சாரம் வரும் பேஸ் ஒயர் மெஷினின் உடம்பைத் தொடுகிறது, எர்த் குழியின் தடை 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 25-ஆல் வகுத்தால் 9 ஆம்பியர் சொச்சம். மோட்டாருக்குப் போடும் சி வகை 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, விழாது. மெஷினும் அதைத் தொட்டிருக்கும் ஈரத் தரையும் மின்சாரத்தோடு அப்படியே கிடக்கும். எம்.சி.பி. காப்பது ஒயரை. உயிரைக் காக்க, மின்சாரம் கசிந்தாலே விழுந்து லைனை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். கொட்டகைக்கென்று தனியாக ஒன்று, வீட்டு மெயின் போர்டிலேயே. அங்கே இருந்தால் மண்ணுக்குள் கேபிள் அடிபட்டாலும் விழும், வீட்டு ஃபிரிட்ஜும் நிற்காது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்கி நேரடியாக லைன் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எர்த் கம்பியையே நியூட்ரலாகப் போட்டு பல்பு எரியவிட்டிருந்தாலும் அது விழத்தான் செய்யும். தவறு ஒயரிங்கில், ஆர்.சி.சி.பி.யில் இல்லை. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் எர்த் நன்றாக இருக்கிறதா என்று அந்தப் பட்டன் சொல்லாது.

எர்த்துக்குக் கொட்டகை அருகில் 40 மி.மீ. ஜி.ஐ. குழாய், இரண்டரை மீட்டர் நீளம். கேபிளின் மூன்றாவது கோர், ஆர்மர், இரும்புத் தூண், மெஷின் உடம்பு எல்லாம் அதோடு சேர வேண்டும். நம் களிமண் மழைக்காலத்தில் அருமையான எர்த். சித்திரை, வைகாசியில் வெடித்துக் குழாயை விட்டு விலகும். ஆகவே மேட்டூர் அணை திறக்கும் முன்பு, மண் காய்ந்திருக்கும்போதே உரிமம் உள்ள வயர்மேனை வைத்து எர்த் தடையை அளந்து பாருங்கள்.

உள்ளே ஒயர் பிவிசி குழாயில், ஸ்விட்ச் தண்ணீர் புகாத பெட்டியில், கொம்புக்கும் நாக்குக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூத்திர ஆவி செம்பைப் பச்சையாக அரிக்கும். வருடம் ஒருமுறை திறந்து ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

மெயின் போர்டில் “கொட்டகை” என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாடு சுருண்டு விழுந்தால் அதைத் தொடவோ கயிற்றை அவிழ்க்கவோ ஓடக்கூடாது. முதலில் வீட்டுக்குள் ஓடி அந்த ஸ்விட்சை இறக்க வேண்டும்.