ஊளையை அமுக்காதீர்கள், டைனமோவைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினார்கள். ராத்திரி நிறுத்தினால் காலையில் செல்ஃப் எடுப்பதில்லையாம். பேட்டரி போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்கு முந்தையதும் இப்படியே படுத்ததால்தான் மாற்றியிருக்கிறார்கள்.

"வண்டியில வேற ஏதாவது வேலை பார்த்தீங்களா?" என்றேன்.

"இல்லண்ணே. முன்னாடி ரேடியோவுல 'ஊஉஉ'ன்னு ஒரு ஊளை கேட்டுச்சு. செட்டை மாத்தியும் போகல. அப்புறம் ஒரு ஃபில்டர் போட்டாங்க, நின்னுடுச்சு. அது பழைய கதை."

பழைய கதையா? அங்கேதான் கதையே ஆரம்பித்தது.

நாம் டைனமோ என்று கூப்பிடும் ஆல்டர்னேட்டர் உள்ளுக்குள் ஏசி மின்சாரத்தைத்தான், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரத்தைத்தான் உண்டாக்குகிறது. அதை டிசியாக, அதாவது பேட்டரிக்கு வேண்டிய ஒரே திசை மின்சாரமாக மாற்ற உள்ளே ஆறு டயோடுகளாவது இருக்கும். அதில் ஒன்று கெட்டாலும் மின்சாரம் சீராக வராது, அலையடிக்கும். ரேஸ் கொடுக்கக் கொடுக்க அந்த அலை வேகமாகும், ஸ்பீக்கரில் ஊளையும் ஏறும். ஃபில்டர் என்ன செய்யும்? செட்டுக்குள் அந்த அலை போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். டயோடு கெட்டது கெட்டபடியே இருக்கும். கசிகிற டயோடு என்றால் வண்டி நின்ற பிறகும் அது வழியாகப் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும். இவர் வண்டியில் நடந்தது அதுதான். ஊளை போட்டுச் சொல்லிய வண்டியின் வாயைக் கட்டிவிட்டு இரண்டு பேட்டரி வாங்கியிருக்கிறார்.

இங்கே எல்லாரும் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "சார்ஜ் ஆகுதே, டைனமோ நல்லாத்தான் இருக்கு." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மீட்டரை டிசியில் வைத்தால் 14 வோல்ட் காட்டும், சரி. அது சராசரிக் கணக்கு. ஒரு டயோடு போனாலும் மற்ற டயோடுகள் வேலை செய்வதால் 13.5, 13.8 என்று கண்ணுக்கு அழகாகவே நிற்கும். அலை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மீட்டரை ஏசியில் திருப்புங்கள். ஹெட்லைட்டும் ப்ளோயரும் ஓடட்டும். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸில் வைத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரி டெர்மினல்களில் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் டைனமோவைக் குறை சொல்லாதீர்கள். 0.5-ஐத் தாண்டினால் டயோடைச் சந்தேகப்படுங்கள். இவருடைய வண்டி 0.8 காட்டியது. (சில மலிவு மீட்டர்கள் ஏசியில் வைத்தால் 28, 30 என்று காட்டும். அலறாதீர்கள், அது டிசியையே தப்பாகப் படிக்கிறது. முதலில் வேறு மீட்டர் வாங்குங்கள்.)

எல்லா ஊளையும் டயோடு இல்லை. நல்ல டைனமோவிலும் லேசான அலை இருக்கத்தான் செய்யும். எர்த் (பாடி இரும்போடு சேரும் மைனஸ் இணைப்பு) சரியில்லாத செட் அதையும் பாட்டோடு சேர்த்துப் பாடும். போன வாரம் ஒரு வண்டியில் ஆம்ப்பின் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஒயர் முனையில் இருக்கும் வளையத்துக்கு (லக்) அடியில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. இரும்பைத் தொட்டிருந்தது ஸ்க்ரூவின் மரை மட்டும்தான். உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு முடுக்கினேன். ஊளை போய்விட்டது. பத்து நிமிட வேலை, அதற்கு முன்னால் அந்த வண்டிக்கு இரண்டு ஸ்பீக்கர் மாற்றியிருந்தார்கள்! செட்டுக்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு வேறொரு மூலையில் ஒரு எர்த் என்று கொடுத்தாலும் இதே தொல்லை வரும். ஆம்ப்புக்குப் போகும் பவர் கேபிளையும் ஆடியோ கேபிளையும் ஒரே பக்கமாகக் கட்டி இழுப்பவர்களை என்ன சொல்ல?

சத்தத்தை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சாவி போட்டதுமே, இன்ஜின் ஓடும் முன்பே முனகினால் பெட்ரோல் பம்ப்பைப் பாருங்கள். ரேஸோடு சேர்ந்து 'டிக்டிக்டிக்' என்று வேகமெடுத்தால் அது ஸ்பார்க் பிளக், காயில், பிளக் ஒயர் பக்கம். டீசல் வண்டிக்காரர் இந்தத் திசையை மறந்துவிடலாம், அங்கே ஸ்பார்க்கே கிடையாது. பெட்ரோல் வண்டியில் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் பிளக்குக்குப் பதில் சாதா பிளக் மாட்டியிருந்தாலும் இப்படிக் கத்தும். ஹெர்ட்ஸ் 1880களின் கடைசியில் ரேடியோ அலையை உண்டாக்கியதே தீப்பொறியை வைத்துத்தான். பிளக் தன் பங்குக்கு ஒலிபரப்பு செய்கிறது, குறிப்பாக ஏஎம்மில்.

அடுத்து, செட்டுக்குப் பின்னால் ஏரியல் ஒயரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது. ஏரியல் அடிப்பகுதியில் துரு ஏறி பாடி எர்த் விட்டுப்போயிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். நிற்கவில்லையென்றால் பவர் அல்லது எர்த் வழி. புளூடூத் பாட்டிலும் ஊளை கேட்டால் ஏரியலை விட்டுவிடுங்கள். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தும் சத்தம் அப்படியே இருந்தால் செட்டைத் தாண்டி, ஆம்ப் பக்கம் தேடுங்கள். இதெல்லாம் பார்க்கும் முன்பு அந்த மொபைல் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், தயவுசெய்து. பாதி நாள் தேடிவிட்டு கடைசியில் சார்ஜரைப் பிடுங்கியதும் வண்டி அமைதியான அனுபவம் எனக்கே உண்டு. டேஷ்கேமும் மலிவு எல்இடி பல்பும் அதே ஜாதி.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "டைனமோ டெஸ்ட்" செய்யாதீர்கள். யாராவது செய்ய வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்த நொடியில் 12 வோல்ட் வண்டியில் பாயும் மின்சாரம் 100 வோல்ட்டைக்கூடத் தொடலாம். செட், இசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), நல்ல டயோடு எல்லாம் சேர்ந்து போகும். இறக்கத்தில் சாவியை அணைத்து, வண்டியை உருளவிட்டு சத்தம் கேட்பதும் வேண்டாம். ஸ்டியரிங் கனக்கும், பிரேக் பூஸ்டர் உதவி போய்விடும்.

ஃபில்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. எர்த், டைனமோ, ஒயர் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் மெல்லிய இரைச்சல் மிஞ்சினால் போடுங்கள். ஆனால் 30 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்புக்கு 10 ஆம்பியர் ஃபில்டரை மாட்டிவிட்டு, சூடாகிறது என்று என்னிடம் வரவேண்டாம்.

அந்த வண்டிக்கு டயோடு பிளேட் மாற்றினேன். மீட்டர் 0.04-க்கு இறங்கியது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ரேடியோவைப் போட்டேன், சத்தமே இல்லை. கழற்றியதை அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி வண்டியிலயும் இதே ஊளைதான்ணே. இதை அதுல போட்டுக்கலாமா?"