சிட் அவுட்டுக்கு மட்டும் ஏன் தரை வரவில்லை?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அண்ணன் கட்டப்போகும் வீட்டை அவரே கணினியில், வீடு வரையும் மென்பொருள் ஒன்றில், வரைந்து பார்க்கிறாராம். "அறைக்குள் இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் தரை தானாக வந்து நிரம்புகிறது. சிட் அவுட்டில், அதாவது வாசலை ஒட்டிய திறந்த திண்ணையில், எத்தனை தடவை சொடுக்கினாலும் வரவில்லை. மூன்று பக்கம் சுவர் இருக்கிறதே, போதாதா?"

போதாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சுவர் என்பது மென்பொருளுக்கு மிக எளிய விஷயம். இரண்டு முனைப் புள்ளிகள், தடிமன், உயரம், அவ்வளவுதான். ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் நாலரை இஞ்ச் தள்ளி இரண்டு கோடு போட்டு, அதை அப்படியே மேலே தூக்கி நிறுத்திவிடும். கதவுக்காகச் சுவரை வெட்டுவதும் கிடையாது. கதவைச் சுவர்மேல் பதித்து, முப்பரிமாணப் படத்தில் மட்டும் ஓட்டை காட்டும். கணக்கில் சுவர் முழுதாகவே இருக்கிறது. இது பின்னால் உதவும்.

தரைதான் சுவாரசியமானது. எது அறை என்று மென்பொருளிடம் யாரும் சொல்லவில்லை. அதன் கையில் இருப்பது வெறும் கோடுகள். அதிலிருந்து அறையைக் கண்டுபிடிக்கப் பல வழிகள் உண்டு. எல்லாச் சுவர்களின் தடிமனையும் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் மிஞ்சும் ஓட்டைகளை அறை என்று எடுப்பது ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது வேறு: சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பது.

ஹாலுக்குள் நின்று வலது கையைச் சுவரில் வையுங்கள். கையை எடுக்காமல் நடங்கள். கதவையும் சுவராகவே எண்ணுங்கள்; கணக்கில் சுவர் முழுதாக இருப்பது உதவுவது இங்கேதான். மூலை வந்தால் சுவரோடு திரும்புங்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். இப்போது நடந்த திசையைக் கவனியுங்கள்: இடஞ்சுழி. அப்புறம் வீட்டுக்கு வெளியே வந்து, அதே வலது கையை வெளிச்சுவரில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இந்த முறை வலஞ்சுழி. சுசீந்திரம் கோயில் பிராகாரத்தில் சந்நிதியை வலப்புறம் வைத்து வலம் வருகிறோமே, அதே சுற்று.

ஒரே கை, ஒரே விதி. உள்ளே இருந்தால் இடஞ்சுழி, வெளியே இருந்தால் வலஞ்சுழி. ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு முகம் இருப்பதால் மென்பொருள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை, எதிரெதிர்த் திசையில் நடக்கும். ஹால் பக்கம் கிழக்கே போனால், மறுபக்கத்துப் படுக்கையறையில் மேற்கே போகும்.

சரி, சுற்றியது எந்தச் சுழி என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்பில் ஆயத்தொலைவு வடிவியல் படித்திருப்பீர்கள். முனைகளை வரிசையாக எழுதி, குறுக்கே பெருக்கிக் கழித்து, பாதியாக்கிப் பரப்பு காண்போம். வாசகியின் ஹால் 'ட' எழுத்தைப் போன்ற ஆறு முனை வடிவம் என்று வையுங்கள். அடிக்கணக்கில் முனைகள்: (0, 0), (20, 0), (20, 10), (12, 10), (12, 16), (0, 16). இந்த முனையின் எக்ஸை அடுத்ததன் ஒய்யால் பெருக்கி, அடுத்ததன் எக்ஸை இதன் ஒய்யால் பெருக்கிக் கழித்தால், வரிசையாக 0, 200, 80, 72, 192, 0. கூட்டினால் 544, பாதி 272 சதுர அடி. ஹாலை இரண்டு செவ்வகமாகப் பிரித்துப் பெருக்கினாலும் இதுவே வரும்.

அதே முனைகளை எதிர்த்திசையில் எழுதிப் பாருங்கள். விடை –272. பள்ளியில் முனைகளைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எடுக்கச் சொல்வார்கள். கழித்தல் குறி வந்தால், பரப்பு எதிர்ம எண்ணாகாது என்று குறியை நீக்கிவிடுவோம். அந்தக் குறிக்குள்தான் உள்ளும் புறமும் இருக்கிறது. கூட்டல் வந்தால் அறை, தரை போடலாம். கழித்தல் வந்தால் வெளி. பரப்பும் திசையும் ஒரே கணக்கில் கிடைத்துவிடுகின்றன. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது ஆனந்தமாகவே இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பாடத்தை யாரும் மறக்க மாட்டார்கள். (திரையில் ஒய் கீழ்நோக்கி வளர்வதாக வைத்தால் குறிகள் இடம் மாறும், தத்துவம் மாறாது.)

இப்போது சிட் அவுட்டுக்கு வாருங்கள். வெளிச்சுவரை வலம் வருகிறோம். சிட் அவுட்டின் பக்கச் சுவர் முடிகிறது. கையை எடுக்கவில்லை, அதன் நுனியைச் சுற்றி உள்ளே திரும்புகிறோம். முன்சுவரைத் தடவிக்கொண்டே போய், மறு பக்கச் சுவரின் நுனியைச் சுற்றி மறுபடி முற்றத்துக்கு வந்துவிடுகிறோம். சிட் அவுட்டுக்கென்று தனிச் சுற்று ஒன்று முடியவே இல்லை. மென்பொருள் பார்வையில் அது தெருவின் ஒரு மடிப்பு. முன்னால் நிற்கும் இரண்டு தூண்களும் நடையை மறிப்பதில்லை. அரைச்சுவர் வைத்தாலும், படிக்கட்டுக்காக மூன்றடி விட்டிருந்தால் அந்த வழியே கை வெளியே போய்விடும். ஹாலிலும் இரண்டு சுவர்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தால் இதே கதைதான். அதனால்தான் வரையும்போது முனைகள் காந்தம் போல ஒட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

ஆகவே, சிட் அவுட் தரையை நீங்களே முனை முனையாகச் சொடுக்கி வரையுங்கள். ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளில் இதற்கு வசதி உண்டு. திறந்த முற்றமாக வேண்டுமானால் மேற்கூரையை மறைத்துவிடலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், சாரல் உள்ளே வராதிருக்கச் சிட் அவுட்டை அரை அடி தாழ்த்துவது நல்லது. அதற்குத் தனித் தளம் ஒன்றை உண்டாக்கி, அதன் மட்டத்தைத் தாழ்த்தி, தரையை அதில் வரையுங்கள்.

சிட் அவுட் ஈசான மூலையில்தான் வர வேண்டும் என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூலைக்குப் பலன் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெயிலும் மழையும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்து வையுங்கள். நாகர்கோவில் சுமார் 8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஜூன் 21 நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து ஏறக்குறைய 15 பாகை வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு பார்த்த திண்ணையில் வெயிலே விழாது என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. அதே மென்பொருளின் திசைகாட்டியில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, படம் எடுக்கும்போது நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டால், நிழல் எங்கே விழும் என்று காட்டிவிடும். ஜூனுக்கு ஒன்று, டிசம்பருக்கு ஒன்று எடுத்து, கொத்தனார் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்னால் அண்ணனிடம் காட்டுங்கள்.