ஜுவனைல்: இளைஞரா, சிறாரா?

சட்டத்தில் 18 வயது நிறையாதவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஜுவனைல்’ (juvenile) லத்தீன் ‘இயுவெனிஸ்’ வழி வந்தது. ரோமில் நாற்பதைத் தொடும் ஆணும் இயுவெனிஸ்தான். சட்டத்துக்குள் நுழைந்த பிறகே அதன் வயது இறங்கியது. 1986-ஆம் ஆண்டின் இந்திய ஜுவனைல் நீதிச் சட்டத்தில் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 என எல்லை இருந்தது. 2000-இல் இருவருக்கும் 18 ஆனது.

இவர்களின் வழக்குகளை விசாரிக்கும் அமைப்புக்குத் தமிழில் ‘இளைஞர் நீதிக் குழுமம்’ என்று பெயர் வைத்து, பழைய ரோமுக்கே திரும்பிவிட்டோம். கட்சி இளைஞரணிகளில் 35 வயதுக்காரர்கள் இருக்கும் நாட்டில் இந்தப் பெயர் யாரைக் குறிக்கும்? ‘சிறு’ என்ற அடியில் பிறந்த ‘சிறார்’ பொருத்தமானது, இருபாலுக்கும் பொது. ‘இளஞ்சிறார்’ என்பதில் ‘இளம்’ மிகை. ‘ஒரு சிறார்’ என எழுதக் கை கூசும். ஒருமைக்குச் சிறுவன், சிறுமி போதும்.

‘இளங்குற்றவாளி’ என்பதைக் கைவிட வேண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டம், தலைப்பில் ‘ஜுவனைல்’ இருந்தாலும், உள்ளே ‘சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை’ என்றே பேசுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரும் அதில் அடக்கம், செய்தது உறுதியானவரும் அடக்கம். பழி சுமத்தும் சொற்கள் கூடாது என்பது 3-ஆம் பிரிவின் நெறிகளில் ஒன்று.

அதிகம் சறுக்குவது வயதில்தான். சம்பவம் நடந்த நாளில் 18 நிறையவில்லையா என்பதே கணக்கு. பிடிபட்ட நாளின் வயது அல்ல. 17 வயது 10 மாதத்தில் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு 19-இல் பிடிபட்டாலும் வழக்கு குழுமத்துக்கே போக வேண்டும். தோற்றத்தைப் பார்த்து ‘வயது 19’ என்று எழுதிவிட்டால் பையன் சிறைக்குப் போய்விடுவான். 94-ஆம் பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் (பத்தாம் வகுப்பு) சான்று, அது இல்லாதபோது உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லையென்றால்தான் எலும்புச் சோதனை. வயதுக் கோரிக்கையை வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம்.

இல்லங்களின் பெயரிலும் குழப்பம். விசாரணைக் காலத்தில் தங்கவைப்பது கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிந்து, குழுமத்தின் ஆணைப்படி அதிகபட்சம் 3 ஆண்டு வைப்பது சிறப்பு இல்லம். ‘சீர்திருத்தப் பள்ளி’ 1876, 1897 சட்டங்களின் மிச்சம்; செய்தித்தாள்கள்தான் இன்னும் விடவில்லை.

‘17 வயது குற்றவாளி கைது; சீர்திருத்தப் பள்ளியில் அடைப்பு’ என்பதை இப்படித் திருத்தலாம்: ‘17 வயதுச் சிறுவனிடம் விசாரணை; கூர்நோக்கு இல்லத்தில் சேர்ப்பு’. பெயர், பள்ளி, முகவரி, படம் எதுவும் வரக்கூடாது. மீறினால் 74-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விழலாம்.